உருபம்பா பள்ளத்தாக்கு: படிக்கட்டு வயல் எல்லாம் ஒன்றுதானே?

கேள்வி, ஜூன் 4

பெருவில் குஸ்கோ பக்கம் ஐந்து நாள். மச்சு பிச்சுவுக்கு இரண்டு நாள் ஒதுக்கியாச்சு. உருபம்பா பள்ளத்தாக்கைப் "புனிதப் பள்ளத்தாக்கு" என்று விற்கிறார்களே, பிசாக், மொராய், ஒயாந்தாய்தாம்போ, எல்லாமே படத்தில் ஒரே மாதிரி இருக்கிறது. மலை, படிக்கட்டு வயல், கல் சுவர். ஒரே நாள் பஸ் டூரில் முடித்துவிடலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

முடிக்கலாம். பிசாக்கில் ஒரு மணி நேரம், சந்தையில் அரை மணி, பஃபே சாப்பாடு, சாயங்காலம் ஒயாந்தாய்தாம்போவில் ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் நீங்கள் சொன்னது போல எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

முதலில் உயரக் கணக்கு, பயணத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. குஸ்கோ 3,400 மீட்டர், பிசாக் 2,970, உருபம்பா ஊர் 2,870, ஒயாந்தாய்தாம்போ 2,790, மச்சு பிச்சு 2,430. விமானம் இறங்குவது உயரமான ஊரில், பார்க்க வேண்டியதில் பெரும்பாலானவை கீழே. அதனால் இறங்கிய அன்றே பள்ளத்தாக்குக்குப் போய்த் தூங்குங்கள், குஸ்கோவைக் கடைசிக்கு வையுங்கள். தலைவலியோடு படிக்கட்டு ஏறினால் எந்தக் கல்லும் ரசிக்காது.

படிக்கட்டு வயலுக்கு வருகிறேன். வெளியே தெரியும் சுவர் வெறும் முகம்தான். உள்ளே அடியில் பெரிய கல், அதன் மேல் சரளை, அதன் மேல் மணல் கலந்த மண், எல்லாவற்றுக்கும் மேல் விளைச்சல் மண். சுவர் நேராக நிற்காது, மலைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் மேலிருந்து வாய்க்கால் வைத்துப் பாய்ச்சுவார்கள்.

ஜூன் 5

நேற்று எழுதியதில் கடைசி வாக்கியம் தவறு. "ஒவ்வொரு அடுக்குக்கும் வாய்க்கால்" என்பது பிசாக்குக்கும் ஒயாந்தாய்தாம்போவுக்கும் சரி. மச்சு பிச்சுவுக்குச் சரியே இல்லை.

உருபம்பா ஊர்ப் பக்கம் வருட மழை 500 மி.மீ. சுற்றி. அதிலும் பெரும்பகுதி நவம்பர் முதல் மார்ச் வரை கொட்டிவிடும். தண்ணீர் பாய்ச்சாமல் மக்காச்சோளம் ஒழுங்காக வராது. அதே உருபம்பா ஆற்றில் கீழே போனால் காடு, மேகம். மச்சு பிச்சுவில் வருடத்துக்கு 1,900 மி.மீ.க்கு மேல். அங்கே பயிர்ப் படிகளுக்கு வாய்க்கால் கிடையாது, மழையே போதும். அங்கே பிரச்சினை வந்த தண்ணீரை வெளியேற்றுவது. நீரியல் பொறியாளர் கென்னத் ரைட் குழு தோண்டிப் பார்த்ததில், கட்டுமானத்தில் பாதிக்கும் மேல் மண்ணுக்கு அடியில் இருக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். அஸ்திவாரம், சரளைப் படுகை, வடிகால். சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வடிதுளைகள் உண்டு. படம் எடுக்கும் கூட்டத்தில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆக உங்கள் கேள்விக்குப் பதில்: வடிவம் ஒன்று, வேலை நேரெதிர். ஒன்று தண்ணீரைக் கூட்டி வர, மற்றொன்று விரட்ட.

ஜூன் 5, சற்றுப் பின்

மச்சு பிச்சுவில் வாய்க்காலே இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டாம். குடிதண்ணீருக்கு ஒன்று உண்டு. மலையின் வடக்குச் சரிவில் ஊற்று, அங்கிருந்து 749 மீட்டர் கல் வாய்க்கால், கடைசியில் ஒன்றன் கீழ் ஒன்றாக 16 நீர்த்தொட்டிகள். ஊற்றின் வரத்து நிமிடத்துக்கு 25 லிட்டரிலிருந்து 125 லிட்டர் வரை, பருவத்தைப் பொறுத்து. வாய்க்கால் 300 லிட்டர் வரை தாங்கும். தொட்டியில் விழும் தாரை ஒரு குடத்தின் வாய்க்கு நேராக விழும்படி உதடு செதுக்கியிருக்கிறார்கள். முதல் தொட்டி அரசன் தங்கிய வீட்டுக்குப் பக்கத்தில். சுத்தமான தண்ணீர் யாருக்கு முதலில் என்பதில் அங்கேயும் சந்தேகம் இல்லை.

வேறொரு வாசகர், ஜூன் 6

நீங்கள் வடிகாலைப் பற்றியே பேசுகிறீர்கள். இன்கா அரசர்கள் கட்டிய சுவர்களில் கல் மூட்டில் சவரக் கத்தி நுழையாதே? இரும்பு இல்லாமல் எப்படி? ஏதோ மூலிகைச் சாறு ஊற்றிப் பாறையைக் களிமண்ணாக்கினார்கள் என்று வீடியோ பார்த்தேன்.

ஜூன் 6

இது வரும் என்று தெரியும், ஆறாம் தேதி வரை தாங்கியதே அதிகம்.

சாறு வேண்டாம், கையில் பிடித்துக் கொத்தும் குண்டுக்கல் போதும். பெர்க்லியில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த ஜான்-பியர் ப்ரோட்ஸன் 1980களில் தானே செய்து பார்த்தார். சுமார் 25×25×30 செ.மீ. ஆண்டசைட் (எரிமலைப் பாறை) கல் ஒன்று. நான்கு கிலோ குண்டுக்கல்லைத் தளர்வாகப் பிடித்து, அதன் எடையிலேயே விழவிட்டு, மேலே எழும்பும்போது பிடித்துக்கொள்வது. நேராக அடித்தால் மாவாகும், வேகம் இல்லை. சற்றுச் சாய்த்து அடித்து, படும் நொடியில் மணிக்கட்டைத் திருப்பினால் செதில் கழலும். மூன்று முகம், ஐந்து விளிம்பு முடிக்க அவருக்கு ஆனது 90 நிமிடம்.

விளிம்பில்தான் சூட்சுமம். பெரிய குண்டால் விளிம்பை அடித்தால் மூலை உடைந்து போகும். அதனால் சின்னக் குண்டுக்கு மாறி, விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக வழித்து அடிக்க வேண்டும். விளைவு? நடுவில் பெரிய குழித்தடம், ஓரத்தில் பொடிக் குழித்தடம், மூட்டு உள்ளே அழுந்தினாற்போலத் தெரியும். இன்கா சுவரில் வெயில் சாய்வாக விழும்போது அப்படியே இருக்கும், கையால் தடவினாலே வித்தியாசம் தெரியும். (பாதுகாக்கப்பட்ட சுவரைத் தடவாதீர்கள். காவலர் விசில் அடிப்பார்.) உருகிய பாறையில் குண்டுக்கல் தடம் எதற்கு என்று வீடியோக்காரரைக் கேளுங்கள்.

பொருத்துவது எப்படி என்றால், மேலே வைக்கும் கல்லின் அடிப்பாகத்துக்கு ஏற்ப, கீழ் வரிசையின் தலையைக் குழிப்பார்கள். வைத்துப் பார்த்து, எடுத்து, எங்கே தூள் அழுந்தியிருக்கிறதோ அங்கே மறுபடி கொத்து. அலுப்பான வேலை. மாயம் ஒன்றும் இல்லை, பொறுமை மட்டும்.

ஜூன் 6, இரவு

ஒரு திருத்தம். "கத்தி நுழையாது" என்பது படுகை மூட்டுக்கு, அதாவது மேல் கல் கீழ்க்கல்லில் உட்காரும் இடத்துக்கு, முழு ஆழத்துக்கும் உண்மை. பக்கவாட்டு மூட்டு பல இடங்களில் முகத்திலிருந்து சில செ.மீ. ஆழம் வரைதான் இறுக்கம். அதற்குப் பின்னால் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியது. சுமை இறங்கும் இடத்தில் உழைப்பு, இறங்காத இடத்தில் சிக்கனம்.

ஜூன் 8

ஒயாந்தாய்தாம்போ பற்றித் தனியாக. பெயர் நீளம், உள்ளூரில் ஒயாந்தா. நானும் இனி அப்படியே.

டூர் பஸ் கூட்டம் மேலே கோயில் சரிவுக்கு ஓடும். அங்கே ஆறு பெரிய ஒற்றைக்கல் பலகைகள் நிற்கின்றன, நடுநடுவே ஒல்லியான கல் பட்டைகள். இளஞ்சிவப்பு ரையோலைட் கல், அதுவும் எரிமலைப் பாறைதான். அந்தப் பக்க மலையில் அது கிடையாது. ஆற்றுக்கு எதிர்க்கரையில், கச்சிகாத்தா சரிவில் இருக்கும் குவாரியிலிருந்து வந்தது. மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி சரிவுப் பாதையில் ஏற்றி, சுமார் ஐந்தாறு கி.மீ. ஐம்பது டன்னைத் தாண்டும் கல் அது. வழியில் நின்றுபோன கற்கள் இன்னும் கிடக்கின்றன, "களைத்த கற்கள்" என்று பெயர். சிலவற்றின் அடிப்பாகம் இழுத்ததில் வழுவழுப்பாகி, கீறல் எல்லாம் ஒரே திசையில் ஓடும்.

கோயில் முடியவே இல்லை. சில கற்களில் டி வடிவக் குழி இருக்கும், இரண்டு கல்லை உலோகக் கவ்வியால் பிணைக்க வெட்டியது. இப்போது அந்தக் குழிக்கு ஜோடி எதிர்க்கல்லில் இல்லை, கல் இடம் மாறிக் கிடக்கிறது. கட்டி, பிரித்து, மறுபடி கட்டத் தொடங்கிய இடத்தில் நின்றுபோன வேலைத்தளம். அப்படி நினைத்துப் பார்த்தால் மேலே ஏறுவதற்கு அர்த்தம் வரும்.

குவாரிக்கு நடந்தே போகலாம். இன்கா பாலத்தில் தொடங்கும் பாதை, சுமார் 700 மீட்டர் ஏற்றம், போக வர ஐந்தாறு மணி நேரம். நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர்.

ஜூன் 8, சேர்ப்பு

பாலத்தைச் சொல்லிவிட்டு அதை விடக்கூடாது. இப்போது மேலே இருப்பது புதுத் தளம். ஆற்றின் நடுவில் நிற்கும் தூண் இன்காவுடையது. அதற்கு மேல்நீரோட்டத்தில் பெரிய பாறைகளைப் போட்டிருக்கிறார்கள், வெள்ளம் தூணில் நேராக முட்டாமல் பிரிந்து போக. தூண் இன்றுவரை நிற்பதற்கு அந்தப் பாறைகளும் காரணம்.

ஜூன் 9

ஒயாந்தா ஊரையும் பாருங்கள், டிக்கெட் தேவையில்லை. இன்கா போட்ட தெருவிலேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கான்ச்சா என்பது அலகு: ஒரு முற்றம், சுற்றி நான்கு ஒற்றை அறை வீடு. இரண்டு கான்ச்சா முதுகோடு முதுகாக ஒட்டி ஒரு தெருக்கட்டம். தெரு ஓரத்தில் கல் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. விடியற்காலையில் மற்ற சத்தம் எழும்பும் முன்பு அதன் சத்தம்தான்.

எதிரே பிங்குய்யூனா மலையில் தொங்குவது களஞ்சியங்கள். நுழைவு இலவசம். சரிவான இடத்தில் கட்டியது வசதிக்குத்தான். மேட்டுப்பக்க ஜன்னலில் தானியத்தைக் கொட்டி, பள்ளப்பக்க ஜன்னலில் எடுக்கலாம். அந்த உயரத்தில் காற்று விடாமல் அடிக்கும், தானியம் வேர்க்காது. நம் குதிரில் மேல்வாய், கீழ்வாய் வைப்பது போலத்தான் யோசனை. படி செங்குத்து, மழை நாளில் ஏற வேண்டாம்.

கேள்வி கேட்டவர், ஜூன் 10

சரி, ஒயாந்தாவில் ஒரு இரவு தங்குகிறேன். மொராய்? வட்ட வட்டமாக இருக்கும், அது விவசாய ஆராய்ச்சிக்கூடம், மேலுக்கும் கீழுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்கிறார்களே?

ஜூன் 10

எல்லா வழிகாட்டியும் சொல்வார்கள், மனப்பாடம். அது மானுடவியலாளர் ஜான் எர்ல்ஸ் முன்வைத்த ஒரு கருத்து. வாய்வழியாகச் சுற்றிச் சுற்றி உறுதியான உண்மையாகிவிட்டது. பெரிய வட்டத்தின் ஆழமே 30 மீட்டர் சுற்றித்தான். மலையில் 30 மீட்டர் இறங்கினால் உயரத்தால் மட்டும் வெப்பம் கால் டிகிரிகூட மாறாது. மாறுவது வெயில், நிழல், மண் ஈரம், காற்று மறைப்பு. எந்தப் படி எந்த நேரத்தில் வெயிலைப் பார்க்கிறது என்பதால் மண் சூடு மாறும், அது நிஜம். அதிலிருந்து "ஆராய்ச்சிக்கூடம்" வரைக்கும் போக வெகுதூரம்.

மொராயில் நான் பார்க்கச் சொல்வது இரண்டு. ஒன்று, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள். நீளக் கல்லின் பாதியைச் சுவருக்குள் புதைத்து, பாதியை வெளியே விட்டு, குறுக்காக ஏறும் வரிசை. தனிப் படிக்கட்டு கட்டினால் வயல் வீணாகும், இதில் ஒரு சாண் மண்கூடப் போகாது. இரண்டு, அவ்வளவு பெரிய கிண்ணத்தின் அடியில் மழைக்குப் பிறகும் குளம் கட்டுவதில்லை. தண்ணீர் அடியில் இறங்கிப் போய்விடுகிறது.

ஆனால் 2010 தொடக்கத்தில் பெய்த பேய்மழையில் மொராயிலேயே ஒரு பகுதி சரிந்தது. அதே மழையில் ஆறு பொங்கி, ரயில் பாதை அடித்துப்போய், மச்சு பிச்சு அடிவாரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாட்டி, ஹெலிகாப்டரில் மீட்டார்கள். ஐந்நூறு வருடம் நின்றது என்பதால் இனியும் தானாக நிற்கும் என்று அர்த்தமில்லை.

ஜூன் 11

படிக்கட்டுச் சுவர் எப்படி விழுகிறது என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். பொதுவாகப் போடுகிறேன்.

மேல்மண்ணின் பொடி கீழே இறங்கி, காலப்போக்கில் சரளையை அடைக்கும். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் தேங்கும். ஊறின மண் கனமாகி முன்னால் தள்ளும். சுவர் முதலில் வயிறு தள்ளும், அடுத்த மழையில் அந்த இடம் பிதுங்கிக் கொட்டும். யூகலிப்டஸ் வேர் நுழைந்தாலும் இதே கதை. மேயும் மாடு மேல்வரிசைக் கல்லை உதைத்துத் தள்ளினால், அந்த ஓட்டை வழியாக ஓடை விழுந்து அரித்துவிடும். வயிறு தள்ளின சுவருக்கு முன்னால் சிமென்ட் பூசுவது இருப்பதிலேயே மோசமான வைத்தியம். தண்ணீருக்கு இருந்த கடைசி வழியையும் அடைத்துவிடுகிறீர்கள். சரியான வழி, அந்தத் துண்டைப் பிரித்து, சரளையை அலசி, அடுக்கை அதே வரிசையில் மறுபடி போடுவது.

வாய்க்காலுக்கும் சிமென்ட் சரிவராது. தொல்லியலாளர் ஆன் கெண்டல் 1977இல் தொடங்கிய குசிச்சாகா திட்டம் பழைய வாய்க்கால்களைச் சரிசெய்யும்போது களிமண், மணல், கல், கள்ளிச்சாறு கலந்த பூச்சையே பயன்படுத்தியது. சிமென்ட் நிலநடுக்கத்திலும் பகல்-இரவுச் சூட்டு மாற்றத்திலும் விரிசல் விடும். ஒட்டுப்போட ஊராரிடம் சிமென்ட் இருக்காது. களிமண் ஈரத்தில் தானே அடைத்துக்கொள்ளும், ஓட்டை விழுந்தால் ஒரு கை மண் போதும். ஒயாந்தாவுக்கு மேலே பத்தகான்ச்சா பள்ளத்தாக்கில் 1995இல் முடித்த வாய்க்கால் 160 ஹெக்டேர் படிவயலுக்குத் தண்ணீர் கொடுத்தது.

ஜூன் 13

பத்தகான்ச்சா என்றதும் இன்னொன்று. 1537 ஜனவரியில் ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோ குதிரைப்படையோடு ஒயாந்தாவுக்கு வந்தபோது, ஸ்பானியரை எதிர்த்த இன்கா அரசன் மாங்கோ இன்கா அந்தப் பள்ளத்தாக்குத் தண்ணீரை வாய்க்கால் வழியே சமவெளிக்குத் திருப்பிவிட்டார். குதிரையின் வயிற்றுவாரைத் தொடும் அளவு தண்ணீர் ஏறியது என்று அங்கே இருந்த பேத்ரோ பிசாரோவே எழுதி வைத்திருக்கிறார். சேற்றில் குதிரை ஓடாது. ஸ்பானியர்கள் திரும்பிப் போனார்கள். பாசன வாய்க்காலை வைத்து ஒரு சண்டையையே ஜெயித்திருக்கிறார்கள். பிறகு மாங்கோ காட்டுப்பக்கம் வில்கபம்பாவுக்குப் பின்வாங்கினார். அது 1572இல் ஸ்பானியரிடம் விழுந்தது.

ஜூன் 14, டிக்கெட் விவகாரம்

பிசாக், ஒயாந்தா, சின்செரோ, மொராய் நான்குக்கும் சேர்த்துப் பகுதிச் சீட்டு வெளிநாட்டவருக்கு 70 சோல் (பெரு நாணயம்), இரண்டு நாள் செல்லும். குஸ்கோ இடங்களும் சேர்ந்த முழுச்சீட்டு 130 சோல், பத்து நாள். பணமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாராஸ் உப்பளம் இதில் சேராது, அது உள்ளூர்க் குடும்பங்கள் நடத்துவது, வாசலில் தனியாகக் கட்ட வேண்டும். 2019 முதல் பாத்திகளுக்கு நடுவே நடக்க விடுவதில்லை, மேலிருந்துதான் பார்க்கலாம்.

உப்பளமும் வாய்க்கால் கதையே. ஒரே உப்பு ஊற்று, மெல்லிய ஓடைகள், மூவாயிரத்துக்கும் மேல் சின்னப் பாத்திகள். பாத்தியை நிரப்பி, வாயை அடைத்து, காயவிட்டு, மறுபடி நிரப்பி, உப்பு கட்டியானதும் சுரண்டுவது. மழைக்காலத்தில் வேலை நடக்காது, பாத்தி பழுப்பாகத் தெரியும். வெள்ளைப் படம் வேண்டுமென்றால் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள்.

கோலெக்டிவோ என்னும் ஷேர் வேன் குஸ்கோவில் பாவிடோஸ் தெருவிலிருந்து உருபம்பாவுக்கும் ஒயாந்தாவுக்கும், புபுட்டி தெருவிலிருந்து பிசாக்குக்கும். நிரம்பினால் கிளம்பும். மச்சு பிச்சு ரயிலில் கைப்பைக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு, பெரிய பெட்டியை ஒயாந்தா விடுதியில் விட்டுப் போங்கள். மச்சு பிச்சு நுழைவுச்சீட்டுக்கும் ரயிலுக்கும் பாஸ்போர்ட் எண் ஒன்றாக இருக்க வேண்டும், அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும். முதலில் நுழைவுச்சீட்டு, பிறகே ரயில். தலைகீழாக வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

வேறொரு வாசகர், ஜூன் 15

ஆற்றுக்கு உருபம்பாவா வில்கனோத்தாவா? வரைபடத்தில் இரண்டும் இருக்கிறது.

ஜூன் 15

ஒரே ஆறு. மேலே வில்கனோத்தா, கீழே உருபம்பா, இன்கா மொழியான கெச்சுவாவில் வில்காமாயு. "புனிதப் பள்ளத்தாக்கு" என்பது 20ஆம் நூற்றாண்டுச் சுற்றுலாப் பெயர், அதற்கு ரொம்ப மரியாதை கொடுக்க வேண்டாம்.

ஜூன் 16

முதல் கேள்விக்கே திரும்புகிறேன். நான் இத்தனை நாள் சுவரையும் வாய்க்காலையும் சொல்லிவிட்டு, இன்கா செய்த பெரிய வேலையை விட்டுவிட்டேன். ஆறுதான் அது.

இயல்பாக இந்த ஆறு பள்ளத்தாக்கின் தரையில் வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரையை மாற்றும். பிசாக் அருகே சுமார் 3 கி.மீ.க்கு அதை இரண்டு கல் கரைகளுக்கு நடுவே நேராக ஓட வைத்திருக்கிறார்கள். உருபம்பாவுக்குப் பக்கத்தில் இன்கா அரசன் வைனா காபாக் தன் பண்ணைக்காக ஆற்றையே தள்ளிவிட்டு, சதுப்பை வடித்து மக்காச்சோளம் போட்டார். பெரிய மணி வெள்ளை மக்காச்சோளம் இன்றும் அந்த மண்ணில்தான் விளைகிறது. பெருவில் அதற்குப் புவிசார் உரிமையும் உண்டு. பாதையோரத்தில் சீஸோடு அவித்து விற்பார்கள், ஒரு மணி ஒரு வாய்.

பிசாக்கில் டூர் கூட்டம் மேல் வாசலில் இறங்கும். நீங்களும் டாக்ஸியில் மேலே போய், அங்கிருந்து கோயில் பகுதி வழியாக ஊருக்கு நடந்தே இறங்குங்கள், இரண்டு மணி நேரம். முழங்கால் வலி உள்ளவர்கள் கோல் எடுத்துக்கொள்ளவும். பாதி வழியில் நின்று கீழே பார்த்தால் ஆறு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஓடும். காலை ஒன்பதுக்கு முன்னால் போனால் தண்ணீரில் வெளிச்சம் விழுந்து இரண்டு கரையும் பிரிந்து தெரியும்.

கேள்வி கேட்டவர், ஜூன் 17

பஸ் டூரை ரத்து செய்துவிட்டேன். பிசாக் ஒரு இரவு, ஒயாந்தா இரண்டு இரவு. உப்பளத்துக்கு நேரம் இல்லை.

ஜூன் 17

ஒயாந்தாவிலிருந்து மாராஸுக்கு டாக்ஸி பேசினால் அரை நாள் போதும். மொராயையும் சேர்த்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் கிளைச்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.